இஆர்பிநெக்ஸ்ட் 13-லிருந்து 15: பாதி ஒப்புதலில் நிற்கும் ஜாப் ஒர்க் ஆர்டர்களை என்ன செய்வது?

செல்வி_கரூர்

எல்லோருக்கும் வணக்கம். கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். படுக்கை விரிப்பு, சமையலறைத் துண்டு, மேசை விரிப்பு இவைதான் எங்கள் சரக்கு. 2021 கடைசியில், கணக்கு, கொள்முதல், இருப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் இஆர்பிநெக்ஸ்ட் மென்பொருளின் 13-ஆம் பதிப்பைப் போட்டோம். அமைத்துக் கொடுத்தவர்கள் இரண்டு வருடம் கூடவே இருந்தார்கள், அப்புறம் தொடர்பு விட்டுப்போனது. அன்றிலிருந்து சர்வர் பாஸ்வேர்டு முதல் பிரிண்ட் ஃபார்மட் வரை எல்லாம் என் மேசைக்கு வந்துவிட்டது. நான் படித்தது பி.காம். லினக்ஸ் கற்றுக்கொண்டது இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான்.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் கேள்வி புரியும். நூலை வாங்கிச் சாயப்பட்டறைக்கு அனுப்புகிறோம். சாயம் போட்டு வந்த நூல் பாவு ஓட்டித் தறிக்குப் போகிறது. தறியிலிருந்து இறங்கிய துணி தையலுக்குப் போகிறது. மூன்றும் வெளியில் நடக்கிற ஜாப் ஒர்க். ஒவ்வொன்றுக்கும் ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் போட்டு, அதில் 'மூலப்பொருள் நாங்கள் தருகிறோம்' என்பதற்கு யெஸ் வைப்போம். அந்த ஆர்டர் ஸ்டோர், சாயப் பிரிவு மேலாளர், கணக்கு என்று ஒவ்வொரு கையாக ஒப்புதல் வாங்கி வரும். 2 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் முதலாளியும் பார்க்க வேண்டும். ஜாப் ஒர்க் இல்லாத சாதாரணக் கொள்முதல் என்றால் சாயப் பிரிவு மேலாளரிடம் போகாமல் ஸ்டோரிலிருந்து நேராகக் கணக்குக்கு வந்துவிடும். 34 பேர் இதை நாள் முழுவதும் பயன்படுத்துகிறார்கள்.

இப்போது 15-க்கு மாறியே ஆக வேண்டும். 13-க்குத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது. சர்வரின் இயங்குதளமான உபுண்டு 20.04-க்கும் வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. வெளிநாட்டில் எங்களிடம் வாங்குகிற ஒரு நிறுவனம், நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கிறதா என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. அதில் ஆம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதலாளி மார்ச் 31 இரவு மாற்றிவிட்டு ஏப்ரல் 1 காலையில் புதுசில் தொடங்கலாம் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குப் பயம் வேறு இடத்தில். இன்று காலை எண்ணிப் பார்த்தேன், 61 ஆர்டர்கள் பாதி ஒப்புதலில் நிற்கின்றன. சிலவற்றுக்கு நூல் ஏற்கனவே சாயப்பட்டறைக்குப் போய்விட்டது, காகிதம்தான் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. பதிப்பை மாற்றும்போது இந்த 61-ம் இருக்கிற இடத்திலேயே நிற்குமா, தொலைந்துபோகுமா, முதலிலிருந்து ஒப்புதல் வாங்க வேண்டி வருமா? 13-லிருந்து 15-க்கு ஒரே தாவலில் போகலாமா என்பதும் தெரியவில்லை. இதே வேலையைச் செய்து முடித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பைத்தான்_பாண்டி

சர்வர் பக்கம் மட்டும் சொல்லிவிடுகிறேன். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் கை வைக்காதீர்கள். 14-க்கே பைத்தான் என்கிற நிரல்மொழியின் 3.10 பதிப்பு வேண்டும், உபுண்டு 20.04-இல் இருப்பது 3.8. அதை அங்கேயே ஏற்றப் போனால் நடுவழியில் நின்றுவிடுவீர்கள், திரும்பவும் முடியாது. உபுண்டு 22.04-இல் புது சர்வர் ஒன்று எடுங்கள். பைத்தான் 3.10, தரவுதளமான மரியாடிபி 10.6 இரண்டும் அதிலேயே கிடைக்கும். நோட்.ஜேஎஸ் மென்பொருளின் 18-ஆம் பதிப்பும் போட்டுக்கொள்ளுங்கள்.

அதில் 14-ஆம் பதிப்புக்கான பெஞ்ச் (மென்பொருளும் சைட்டும் இருக்கும் அடைவு) அமைத்து, பழைய சர்வரிலிருந்து கோப்புகளோடு சேர்த்து எடுத்த பேக்கப்பை ரெஸ்டோர் செய்து, பழைய தரவைப் புதுப் பதிப்புக்கு மாற்றும் மைக்ரேட் கட்டளையை ஓட்டுங்கள். எல்லாம் சரி என்று பார்த்த பிறகு 15. ஒரே தாவலில் போனால் எங்கே உடைந்தது என்று கண்டுபிடிக்க இரண்டு மடங்கு நேரம் ஆகும். பேக்கப் எடுக்கும்போது சைட் கான்ஃபிக் என்கிற அமைப்புக் கோப்பில் இருக்கும் என்கிரிப்ஷன் கீயையும் எடுத்து வையுங்கள். அது இல்லாமல் ரெஸ்டோர் செய்தால் உள்ளே சேமித்த மெயில் பாஸ்வேர்டு எதையும் படிக்க முடியாது.

13-இல் உள்ளேயே இருந்த சில பகுதிகள் 14-இல் தனிச் செயலிகளாகப் பிரிந்துவிட்டன. சம்பளம், விடுப்பு எல்லாம் ஹெச்ஆர்எம்எஸ் செயலிக்குப் போய்விட்டது, ஊழியர் பதிவு மட்டும் இஆர்பிநெக்ஸ்ட்டில் தங்கியது. ஜிஎஸ்டி, இ-இன்வாய்ஸ், இ-வே பில் எல்லாம் இந்தியா கம்ப்ளையன்ஸ் செயலிக்குப் போய்விட்டது. இரண்டையும் மைக்ரேட் ஓட்டும் முன்பே பெஞ்சில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலு_பெருந்துறை

செல்வி மேடம், நீங்கள் பயப்படுகிற இடம் சரியான இடம். நான் பெருந்துறைப் பக்கம் ஒரு துணி நிறுவனத்தில் சிஸ்டம் பார்க்கிறேன். இதே 13-லிருந்து 15-க்குப் போன வருடம் மாறினோம். ஒத்திகை மட்டும் நான்கு முறை ஓட்டினோம். மூன்றாவது முறையில் பார்த்த ஒன்றை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் ஒப்புதல் வரிசை எங்களுடையதைப் போலவே இருக்கிறது.

அன்று நகல் சைட்டில் மைக்ரேட் முடிந்து எல்லாம் பச்சையாக இருந்தது. ஒவ்வொருவராக உள்ளே நுழைந்து அவரவர் வேலையைச் செய்து பார்த்தோம். சாயப் பிரிவு மேலாளர் உள்ளே வந்தார், அவருக்கு நிலுவையில் எதுவும் காட்டவில்லை. பழைய ஆர்டர்களை எல்லாம் முடித்துவிட்டோம், அதனால் காலியாக இருக்கிறது என்று நினைத்தோம். பிறகு ஸ்டோர் பையன் சோதனைக்காகப் புதிதாக ஒரு சாய ஆர்டர் போட்டு அனுப்பினான். மேலாளருக்கு அது வரவே இல்லை. கணக்குப் பிரிவில் தேடினால் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. ஒரு பிழைச் செய்தி கிடையாது, சிவப்பு எழுத்து கிடையாது. சாயத்தைப் பார்க்க வேண்டிய ஆளைத் தாண்டி ஆர்டர் போய்விட்டது.

காரணம் ஒரே ஒரு புலம். 13-இல் 'மூலப்பொருள் தருகிறோம்' என்பதில் யெஸ், நோ என்று இரண்டு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம் அல்லவா? 14-இல் அதே புலம் டிக் அடிக்கும் பெட்டியாகிவிட்டது. உள்ளே சேமிக்கப்படுவது 1 அல்லது 0. மைக்ரேட் ஓடும்போது பழைய பதிவுகளில் யெஸ் என்றிருந்ததை எல்லாம் அதுவே 1 ஆக்கிவிடும், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒப்புதல் வரிசையை நடத்தும் ஒர்க்ஃப்ளோவில் நாம் கையால் எழுதி வைத்த நிபந்தனையை யார் மாற்றுவது? எங்களுடையதில் ஸ்டோரிலிருந்து வெளியே போக இரண்டு வழி இருந்தது. அந்தப் புலம் "யெஸ்" ஆக இருந்தால் மேலாளருக்கு, "யெஸ்" ஆக இல்லாவிட்டால் கணக்குக்கு. 1 என்பது "யெஸ்" என்ற சொல் இல்லையே. அதனால் எல்லா ஆர்டரும் இரண்டாவது வழியில் போனது. இந்த இரண்டாவது வழி இல்லாதிருந்தால் பட்டனே காட்டாமல் அங்கேயே நின்றிருக்கும், யாராவது உடனே கத்தியிருப்பார்கள். சத்தமில்லாமல் தவறான வழியில் போனதுதான் என்னை உலுக்கியது.

இதைப் பழைய சைட்டிலேயே முன்கூட்டிச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றும். நிபந்தனையில் வெறும் புலத்தின் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். 13-இல் "நோ" என்பதும் வெறுமையில்லாத ஒரு சொல், அதனால் பைத்தான் அதையும் உண்மை என்றே எடுத்துக்கொள்ளும், சாதாரணக் கொள்முதலும் மேலாளர் தலையில் விழும். மதிப்பு "யெஸ்", 1 இந்த இரண்டில் ஒன்றாக இருக்கிறதா என்று கேட்கும்படி எழுதுங்கள். இரண்டாவது வழிக்கு அதையே எதிர்மறையாக. அது இரண்டு பதிப்பிலும் ஒரே மாதிரி வேலை செய்யும், மாற்றுவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டு வைத்துவிடலாம்.

இப்போது உங்கள் 61. ஒரு ஆர்டர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது அந்த ஆவணத்திலேயே ஒரு சொல்லாக எழுதப்பட்டிருக்கும். மைக்ரேட் அதைத் தொடாது. அதனால் தொலையாது, முதலிலிருந்து ஒப்புதலும் வேண்டாம். ஆனால் அந்தக் கட்டத்திலிருந்து வெளியே போகிற கதவு, அன்றைக்கு இருக்கும் ஒர்க்ஃப்ளோவைப் பொறுத்தது. மாற்றுகிற சமயத்தில் கூடவே கட்டத்தின் பெயரை அழகுபடுத்தலாம், ஒரு படியைக் குறைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய பெயரில் நிற்கும் ஆவணத்துக்குப் போக வழியே இருக்காது. பதிப்பு மாறி இரண்டு மாதம் ஓடட்டும், அப்புறம் படியைக் குறைப்பது பற்றிப் பேசலாம்.

ஜாப் ஒர்க்கில் இன்னொரு பெரிய மாற்றம் உண்டு. 13-இல் பர்ச்சேஸ் ஆர்டர் போட்டு, பொருளை அனுப்பி, பர்ச்சேஸ் ரிசீட்டில் வரவு வைக்கிறோம். 14-லிருந்து பர்ச்சேஸ் ஆர்டரில் வருவது சாயக் கூலி என்கிற சேவை மட்டும். அதன் மேல் சப்கான்ட்ராக்டிங் ஆர்டர் என்று தனி ஆவணம், நூலை அனுப்புவது அதன் பேரில், திரும்பி வரும்போது சப்கான்ட்ராக்டிங் ரிசீட். பழைய ஆர்டர்களுக்கு 'பழைய முறை' என்று ஒரு குறி விழும், அவை பழைய வழியிலேயே முடியும். ஆக, சில மாதங்களுக்கு இரண்டு வழியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். எங்கள் ஸ்டோரில் இதற்குத்தான் அதிகக் குழப்பம். எந்த ஆர்டர் எண் வரை பழைய வழி என்று ஒரு அட்டையில் பெரிதாக எழுதி எடைமேடைக்கு மேல் ஒட்டினோம். அதற்குப் பிறகுதான் தொலைபேசி குறைந்தது. கூலிக்கான சேவைப் பொருட்களை, அதாவது சாயக் கூலி, நெசவுக் கூலி, தையல் கூலி, முன்பே உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

61-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். தொலையாது என்பது வேறு, பத்திரமாக இருக்கும் என்பது வேறு. மாற்றுவதற்கு முந்தைய வாரம் புது ஜாப் ஒர்க் ஆர்டரை நிறுத்திவிட்டு, இருப்பதை முடித்தோ மறுத்தோ ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். முதலாவது, உங்களுக்கு அமைத்துக் கொடுத்தவர்கள் மூல நிரலில் நேரடியாகக் கை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஆப்ஸ் அடைவுக்குள் இஆர்பிநெக்ஸ்ட் இருக்கும் இடத்தில் மூலத்திலிருந்து மாறிய வரிகளைக் காட்டும் கிட் டிஃப் கட்டளையைப் போட்டால் தெரியும். எங்களுக்கு 9 கோப்புகள் வந்தன. அதில் ஒன்று, சாயம் போட்டபின் நூல் எடையில் 3 சதவீதம் வரை குறைந்தால் விட்டுவிடு என்கிற கணக்கு. நான்கு வருடமாக அது மென்பொருளோடு வந்த வசதி என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். புதுப் பதிப்பில் அந்த வரி இருக்காது, இல்லை என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். அந்த மாதிரி வரிகளைத் தனிச் செயலிக்கு நகர்த்த எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. மொத்த வேலையில் பாதி இதுதான்.

இரண்டாவது, நகல் சைட்டை எழுப்பும் முன்பே அதன் கான்ஃபிக்கில் மெயிலை அடக்கிவையுங்கள், நேரத்துக்குத் தானாக வேலைகளை ஓட்டும் ஷெட்யூலரையும் நிறுத்திவையுங்கள். நாங்கள் கான்ஃபிக்கை என்கிரிப்ஷன் கீயோடு அப்படியே நகல் எடுத்ததால் மெயில் பாஸ்வேர்டு எல்லாம் உயிரோடு இருந்தது. இரவு பதினோரு மணிக்கு நகல் சைட்டிலிருந்து சப்ளையர்களுக்கு 'உங்கள் ஆர்டர் தாமதம்' என்று நினைவூட்டல் போனது. மறுநாள் காலை ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அதில் ஒருவர் அந்த மெயிலை நம்பி இரவே லாரி ஏற்றிவிட்டார்.

செல்வி_கரூர்

வேலு அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுந்து போய் ஒர்க்ஃப்ளோவைத் திறந்து பார்த்தேன். "யெஸ்" இரண்டு இடத்தில் இருக்கிறது, நீங்கள் சொன்ன அதே இரண்டு கதவு. எதற்கும் இருக்கட்டும் என்று பிரிண்ட் ஃபார்மட்டிலும் தேடினேன். ஜாப் ஒர்க் ஆர்டரின் அடியில் 'மீதி நூல், கோன், பீம் திருப்பித் தரப்பட வேண்டும்' என்று ஒரு பத்தி அச்சாகும் (கோன் நூல் சுற்றும் கூம்பு, பீம் பாவு சுற்றும் உருளை). அதுவும் "யெஸ்" என்றால்தான் அச்சாகும்படி எழுதியிருக்கிறது. அது விடுபட்டு ஆர்டர் போயிருந்தால் பீமைத் திருப்பிக் கேட்க எங்களிடம் எழுத்தில் எதுவும் இருந்திருக்காது. நெஞ்சு படபடத்தது.

கிட் டிஃப்பும் போட்டேன். 3 கோப்புகள்தான். இரண்டு வெறும் தலைப்பு மாற்றம். மூன்றாவது எனக்குப் புரியவில்லை, பாண்டி சாரிடம் கேட்கிறேன்.

61-இல் 23 ஒரு மாதத்துக்கு மேல் பழையவை. முதலாளி மேசையில் நிற்பது 14. தேதி பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே, மார்ச் 31 சரிதானா? அப்புறம் ஒன்று. நாங்கள் சாய லாட்டை பேட்ச் எண்ணாக வைத்திருக்கிறோம். ஒரே விரிப்பில் இரண்டு லாட் நூல் கலந்தால் நிற வேறுபாடு வந்து மொத்த கன்டெய்னரே திரும்பிவிடும். அதில் ஏதாவது மாறுகிறதா?

தணிக்கை_மீனா

மார்ச் 31 வேண்டவே வேண்டாம். கணக்கு எழுதுகிறவர்களுக்கு அது இருப்பு எடுக்கிற நாள், பில் எண் வரிசை மாறுகிற நாள், தணிக்கைக்கு ஆதாரமாக நிற்கப் போகிற நாள். அன்றைய இருப்பில் 400 கிலோ நூல் குறைந்தால், அது ஆள் தவறா, பதிப்பு மாறியதால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும். எதை மாற்றுகிறோமோ அதைத் தவிர மற்றவை எல்லாம் அசையாமல் இருக்கிற நாளாகப் பார்க்க வேண்டும்.

மாதா மாதம் 11-ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பியதையும் திரும்பியதையும் காட்டுகிற ஐடிசி-04, 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு ஏப்ரல் 25, அக்டோபர் 25. இவற்றையெல்லாம் நாள்காட்டியில் கட்டம் போட்டுவிட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிவது பொங்கல். 11-ஆம் தேதி வேலை முடிந்திருக்கும், 20-க்கு இன்னும் நாள் இருக்கும், தறியும் தையலும் மூன்று நாள் நிற்கும், ஒரு கிலோ நூல்கூட நகராது. பொங்கலுக்கு ஆள் கிடைக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். நீங்களும் பாண்டி மாதிரி ஒருவரும் இருந்தால் போதும், மற்றவர்கள் திரும்பி வந்து சரிபார்க்கட்டும்.

இ-இன்வாய்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒத்திகை சைட்டில் ஜிஎஸ்டி செட்டிங்ஸில் சாண்ட்பாக்ஸ் என்கிற சோதனை முறையை முதல் வேலையாகப் போடுங்கள். அது இல்லாமல் சோதனை பில் ஒன்றைப் பதிந்துவிட்டால் நிஜமான ஐஆர்என் (அரசு தளம் தரும் பில் பதிவு எண்) வந்துவிடும். ரத்து செய்ய 24 மணி நேரம்தான், அதற்குப் பிறகு கிரெடிட் நோட் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

மாற்றிய பிறகு பழைய சைட்டில் யாரும் எழுத முடியாதபடி பூட்டுங்கள், பார்க்க மட்டும் விடுங்கள். பழைய புக்மார்க்கை அழுத்தி யாராவது பில் போட்டால் ஒரே எண்ணில் இரண்டு பில் வரும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் அப்படி வந்ததை நான்கு நாள் உட்கார்ந்து பிரித்தோம்.

முந்தைய நாள் இரவு நான்கு அறிக்கையை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்: இருப்பாய்வு (ட்ரையல் பேலன்ஸ்), கிடங்குவாரி இருப்பு, வர வேண்டியது, தர வேண்டியது. புது சைட்டில் அதே நான்கும் ரூபாய் பைசா சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். வர வேண்டியது, தர வேண்டியது இரண்டையும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். 14-லிருந்து அவை பேமென்ட் லெட்ஜர் என்ற புது ஏட்டிலிருந்து வருகின்றன, உங்கள் பழைய பதிவு முழுவதையும் மைக்ரேட் அதற்குள் எழுதிக் கொடுக்கும்.

வேலு_பெருந்துறை

மீனா மேடம் சொன்ன பேமென்ட் லெட்ஜர் படியில்தான் எங்கள் மைக்ரேட் நெடுநேரம் நின்றது. திரையில் எதுவும் நகராது. செத்துவிட்டது என்று நினைத்து நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

செல்வி மேடம், லாட் விஷயம் 15-இல் மாறுகிறது. பேட்ச் எண் இனி ஸ்டாக் லெட்ஜர் என்கிற இருப்பு ஏட்டின் வரியில் நேராக இருக்காது. சீரியல் அண்ட் பேட்ச் பண்டில் என்று தனி ஆவணத்தில் போய் உட்காரும், வரியில் அந்தப் பண்டிலின் பெயர்தான் இருக்கும். லெட்ஜரிலிருந்து பேட்ச் எண்ணை எடுத்து நீங்களே எழுதிய அறிக்கை ஏதாவது இருந்தால், பழைய பதிவுக்குச் சரியாகவும் புதுப் பதிவுக்கு வெற்றாகவும் காட்டும். லாட் கலக்கக் கூடாது என்று பார்க்கிறவர் நம்பியிருப்பது அந்த அறிக்கையைத்தான் என்றால், அதைத்தான் முதலில் திருத்தி எழுத வேண்டும்.

சர்வர் ஸ்கிரிப்ட், அதாவது இஆர்பிநெக்ஸ்ட் திரையிலேயே நீங்கள் எழுதிய சிறு நிரல், வைத்திருந்தால் 15-இல் அது இயல்பாக முடக்கப்பட்டிருக்கும். பெஞ்ச் கான்ஃபிக்கில் நீங்களே இயக்க வேண்டும்.

செல்வி_கரூர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். இரண்டு ஒத்திகை முடிந்தது.

முதல் ஒத்திகையில் 14-க்கான மைக்ரேட் மட்டும் 5 மணி 10 நிமிடம் ஓடியது. அண்ணா சொன்ன அதே இடத்தில் திரை நின்றது, நானும் கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வரில் நினைவகத்தைக் கூட்டி இரண்டாவது முறை ஓட்டியபோது 3 மணி 40 நிமிடம். 15-க்கு அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. ஆக, இரவு எட்டு மணிக்குத் தொடங்கினால் விடிவதற்குள் முடியும் என்பது இப்போது கையில் இருக்கிற கணக்கு.

முதல் ஒத்திகையில் வேண்டுமென்றே நிபந்தனையை மாற்றாமல் விட்டுப் பார்த்தேன். சாயப் பிரிவு மேலாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் செய்தேன். ஆர்டர் அவரைத் தாண்டிக் கணக்குக்குப் போனதை அவர் கண்ணால் பார்த்தார். இத்தனை நாள் இதெல்லாம் ஆபீஸ் வேலை என்று ஒதுங்கியிருந்தவர், அன்று சாயங்காலமே தன் பிரிவு ஆட்கள் மூன்று பேரைப் புது முறையில் ஆர்டர் போட்டுப் பழகக் கூட்டி வந்தார். நிபந்தனையை அண்ணா சொன்னபடி பழைய சைட்டிலேயே திருத்திவிட்டேன், பதினைந்து நாளாக ஓடுகிறது, ஒரு ஆர்டர்கூட வழி தவறவில்லை. இரண்டாவது ஒத்திகையில் மேலாளரிடமும் வந்தது, பீம் பற்றிய பத்தியும் அச்சானது.

பாண்டி சார் அந்த மூன்றாவது கோப்பைப் பார்த்துச் சொன்னார். டெலிவரி சலானில் கோன் எண்ணிக்கையிலிருந்து எடையைக் கணக்கிடுகிற வரி அது. இப்போது தனிச் செயலியில் போட்டுக் கொடுத்திருக்கிறார். மிகவும் நன்றி சார்.

லாட் அறிக்கை இரண்டாவது ஒத்திகையில் வெற்றாகத்தான் வந்தது. பண்டிலிலிருந்து எடுக்கும்படி திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதி வந்திருக்கிறது. அது முடியாமல் மாற்றுவதில்லை என்று முதலாளியிடம் எழுதியே கொடுத்துவிட்டேன். பொங்கலுக்கு ஒத்துக்கொண்டார். போகியன்று இரவு எட்டு மணிக்குத் தொடங்குகிறோம். மாட்டுப் பொங்கல் மதியத்துக்குள் மீனா மேடம் சொன்ன நான்கு அறிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் பழைய சர்வரையே திரும்பத் திறந்துவிடுவது, அடுத்த முறை பார்த்துக்கொள்வது என்றும் பேசிவிட்டோம். அதுவரை புது சைட்டில் யாருக்கும் எழுத அனுமதி இல்லை.

61 இப்போது 4. அதில் மூன்று இந்த வாரம் முடிந்துவிடும். நான்காவது ஒரு சாய ஆர்டர், 180 கிலோ நூல், அனுப்பிப் பத்து மாதம் ஆகிறது. பட்டறைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டேன் என்கிறார், எங்கள் ஸ்டோரில் வரவு இல்லை. ஜாப் ஒர்க்குக்குப் போன நூல் ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் ஜிஎஸ்டியில் விற்றதாகவே கணக்காகிவிடும், அதனால் இதைப் புதுப் பதிப்புக்குள் தூக்கிக்கொண்டு போக மனமில்லை. திங்கட்கிழமை மேலாளரும் நானும் எடைச் சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு நேரில் பட்டறைக்குப் போகிறோம்.